தண்ணீர் மாறிய அண்ணா

எங்கள் அம்மாவின் தாலிக்கொடி வெங்காயம் நடுவதற்கு முன் அடைவுக்கு, அதாவது அடகுக்கு, போகும்; கிண்டி விற்ற பின் வீடு திரும்பும். யாழ்ப்பாணத்து உரும்பிராய்ச் செம்மண்ணில் சில பரப்புத் தோட்டத்தை மட்டும் நம்பியிருந்த குடும்பங்களில் இது வழமையாதலால், எந்தத் தாய் மஞ்சட்கயிற்றோடு கோயிலுக்கு வருகிறாள் என்பதைப் பார்த்தே யாருடைய தோட்டம் நடுகைக்கு ஆயத்தமாகிறது என்று சொல்லிவிடலாம்.

1970 இல் இலங்கையில் பதவிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்கா அரசு வெங்காயம், செத்தல் மிளகாய் ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதும் விலை ஏறியது. யாழ்ப்பாணத் தோட்டக்காரரின் பொற்காலம் அது என்று நம் சிறப்பு மலர்களில் பலர் எழுதியிருக்கிறார்கள். பொய்யல்ல. ஆனால் அதே ஆண்டுகளில்தான் பாணுக்காக விடியுமுன் வரிசையில் நின்றோம். கூப்பன் அரிசி போதாமல் மரவள்ளிக்கிழங்கை மத்தியானச் சாப்பாடாக்கினோம். மேலும், விலை நன்றாக இருந்தால் கூடுதலாக நடவேண்டும். இறைப்பு நாளில் ஒருவர் மிசினைப் பார்க்க, இன்னொருவர் வாய்க்காலில் நின்று தண்ணீர் மாறவேண்டும், அதாவது பாத்திக்குப் பாத்தி தண்ணீரைத் திருப்பிவிடவேண்டும். கூலிக்கு ஆள் பிடிக்க வழியில்லாத வீட்டில் அந்த இரண்டாவது ஆள் பள்ளிக்கூடத்திலிருந்துதான் வரவேண்டியிருந்தது.

உயர்தரத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்த அண்ணா, 1974 இல் ஐயாவுக்கு முதுகு வருத்தம் கண்டபோது கல்லூரிக்கு வருவதை நிறுத்தினார். நிறுத்தச் சொல்லி வீட்டில் ஒருவரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. நிறுத்த வேண்டாம் என்றும் ஒருவரும் சொல்லவில்லை. மூத்தவர் என்பதே போதுமான காரணமாக இருந்தது. அடுத்த தவணையில் அவருடைய கொம்பாஸ் பெட்டி எனக்கு வந்தது.

வறுமை எங்கள் குடும்பத்தை ஆட்டிவைத்தது என்று மட்டும் சொல்வது பாதிக் கதை. குடும்பமும் வறுமைக்கு வழிவிட்டது. நல்ல விலை கிடைத்த போகங்களின் இலாபம் கிணற்றுக்கோ நிலத்துக்கோ போகாமல் அக்காமார் இருவரின் சீதனத்துக்கென்று நகையாகியது. தோட்டக்காரர் கையில் காசு புழங்குவதைக் கண்டு மாப்பிள்ளை வீட்டாரும் கேட்கும் தொகையை உயர்த்தினார்கள். 1977 இல் ஆட்சி மாறி இறக்குமதி திறந்துவிடப்பட்டு, சுன்னாகம் சந்தையில் எங்கள் வெங்காயத்துக்கு விலை விழுந்தபோது, கையில் சேமிப்பென்று எதுவும் இருக்கவில்லை. மூத்த அக்காவின் கலியாணம் தோட்டத்தை ஈடு வைத்துத்தான் நடந்தது.

அந்த ஈட்டை மீட்கவே அண்ணா 1981 இல் கிழக்கு பெர்லின் வழியாக மேற்கு ஜெர்மனிக்குப் போனார். உணவகமொன்றில் கோப்பை கழுவி அவர் அனுப்பிய காசில் தோட்டம் மீண்டது, சின்னக்கா கரைசேர்ந்தார், நான் படித்து முடித்தேன். தமது கலியாணத்தை முப்பத்தேழு வயதுவரை தள்ளிப்போட்டார். இதைத் தியாகம் என்று மேடைகளில் சொல்லக் கேட்கும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பயன்பெற்றவர்கள் சொல்லும் சொல் அது.

சென்ற ஆண்டு தொலைபேசியில், படிப்பை விட்டது மனவருத்தமில்லையா என்று முதன்முறையாகக் கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு அண்ணா சொன்னார்: “அந்தப் போகம் நல்ல விளைச்சலெல்லோ, தம்பி.”