எத்தனை பேர் திருப்பினோம்

"இடப்பக்கம் திருப்பப்பட்டது. சளி, வாந்தி உறிஞ்சி எடுக்கப்பட்டது." அன்றைய இரவுக் குறிப்பேட்டில் என் கையெழுத்தில் இருப்பது இவ்வளவுதான். எத்தனை பேர் திருப்பினோம் என்று நான் எழுதவில்லை.

தென்னை மரத்திலிருந்து விழுந்தவர். கால்களில் அசைவில்லை. ரத்த அழுத்தத்தின் மேல் எண் 80, நாடி 52, ஆனாலும் உடம்பு வெதுவெதுப்பாக இருந்தது. ரத்தம் போயிருந்தால் நாடி ஓடும், தோல் சில்லிடும். இது தண்டுவடம் அடிபட்டதால் வரும் நரம்புவழி அதிர்ச்சி. கழுத்துப் பட்டை போட்டுவிட்டு என் விரல்களைப் பிடிக்கச் சொன்னேன். நன்றாகவே பிடித்தார்.

சற்று நேரத்தில், மல்லாந்தபடியே வாந்தி எடுத்தார். தலைக்கு ஒருவர், தோள், இடுப்பு, கால்களுக்கு மூவர். தலையைப் பிடித்தவர் எண்ண, முதுகெலும்பு முறுக்கிக்கொள்ளாதபடி எல்லோரும் ஒன்றாக உருட்ட வேண்டும். மாணவிகளுக்கு நான் கற்றுக்கொடுப்பதும் அதுதான். பணி மருத்துவர் அறுவை அரங்கில் இருந்தார். நானும் ஆயாவும் மட்டும். தலையை நான் பிடித்தேன், உடம்பை ஆயா இழுத்தார். இடுப்பு வந்த வேகத்துக்குத் தோள் வரவில்லை. ஒரு கணம்தான்.

விடிவதற்குள் விரல்பிடி போய்விட்டது. முழங்கையை மடக்க முடிந்தது, அவ்வளவே.

"நீங்கள் திருப்பிய பிறகுதானே சிஸ்டர், கை விழுந்தது?" என்று அவர் மனைவி கேட்டார். கோபமில்லை, மாத்திரை எப்போது என்று கேட்பதுபோல் கேட்டார்.

"உள்ளே வீக்கம், அம்மா. முதல் நாட்களில் இப்படி மேலே ஏறுவது உண்டு" என்றேன். பொய்யில்லை. மருத்துவரும் அதையே சொன்னார். ஆனால் தோள் பின்தங்கியதை மருத்துவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை.

திருப்பாமல் இருந்திருந்தால் வாந்தி நுரையீரலுக்குள் போயிருக்கும். முதலில் மூச்சு, பிறகுதான் முதுகெலும்பு. இன்றும் திருப்பத்தான் செய்வேன். தோப்பிலிருந்து கைகாலைப் பிடித்துத் தூக்கி, லோடு ஆட்டோவில் மடக்கி உட்காரவைத்துக் கொண்டுவந்தார்களே, கேடு அப்போதே நேர்ந்திருக்கலாம். இப்படி நினைக்கும்போதெல்லாம், அதற்குப் பிறகும் அவர் என் விரலைப் பிடித்தார் என்பது வந்து நிற்கிறது.

1990-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வை நம்பி, தண்டுவடத்தில் அடிபட்டு எட்டு மணி நேரத்துக்குள் வந்தவர்களுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் மெத்தில்பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை ஏற்றிவந்தோம். 2013-இல் அங்குள்ள நரம்பியல் அறுவை மருத்துவர்களின் வழிகாட்டுதலே அது வேண்டாம் என்றது. எத்தனையோ பேருக்கு என் கையால் ஏற்றியிருக்கிறேன். அதற்காக எனக்குத் தூக்கம் கெட்டதில்லை. எல்லோரும் சேர்ந்து நம்பியது அது. இந்தத் தோள் அப்படியல்ல.

இப்போது, திருப்பியவர்களின் எண்ணிக்கையையும் எழுதச் சொல்லி மாணவிகளிடம் வற்புறுத்துகிறேன். "நான்கு பேர் இல்லையென்றால் என்ன செய்வது?" என்று ஒருத்தி கேட்டாள். யாரையாவது கூப்பிடு என்றேன்.

அன்று இரவு கதவுக்கு வெளியே அந்த அம்மாவும் லோடு ஆட்டோக்காரரும் நின்றிருந்தார்கள். அவர்களை வெளியே போகச் சொன்னது நான்தான்.