குருவுக்கு முன்னே ஓடும் கரும்பாறை

ஜனவரி 10, 2026, சனி

இன்று வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே. பொழுது சாயும்போதே தேவிபட்டினம் கடலுக்கு மேலே வந்துவிட்டது. எனக்கு வேண்டியது அது இல்லை. அதன் பாதையிலேயே சுமார் 60 பாகை முன்னால் ஒரு சிறுகோள் கூட்டம் ஓடுகிறது. அதில் மிகப் பெரியது ஹெக்டர். பத்தரைக்கு மேல் சிம்மத்தின் வால் எழுந்தது. கூட்டம் அந்தப் பக்கம்தான். என் சின்னத் தொலைநோக்கிக்கு ஒன்றும் சிக்காது, தெரியும். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஜனவரி 13, செவ்வாய்

இப்படி ஓர் இடத்தில் ஒரு பொருள் நிலைத்து ஓடலாம் என்று கணித மேதை லக்ராஞ்சு 1772-இலேயே கணக்குப் போட்டுவிட்டார். அப்படி ஓடும் முதல் சிறுகோள், அக்கிலிஸ், அகப்பட்டது 1906-இல். மறுவருடம் பிப்ரவரியில் ஹைடெல்பர்க்கில் ஆகஸ்ட் காப்ஃப் ஹெக்டரைக் கண்டுபிடித்தார். வியாழனுக்கு முன்னால் ஓடுபவற்றுக்கு டிராய்ப் போரின் கிரேக்க வீரர்கள் பெயர், பின்னால் ஓடுபவற்றுக்கு டிராய் வீரர்கள் பெயர். ஹெக்டர் டிராய் வீரனின் பெயர், இருப்பதோ கிரேக்கர் பாசறையில்! எந்தப் பக்கத்துக்கு யார் பெயர் என்ற வழக்கம் பிறகுதான் வந்தது.

ஜனவரி 16, மாட்டுப் பொங்கல்

கரையில் மாமாவோடு உட்கார்ந்திருந்தேன். "வெறும் புள்ளியாத் தெரியிறதுக்கு நீளம் அகலம் எப்படிடா சொல்றாங்க?" என்றார். நல்ல கேள்வி. நங்கூரமிட்ட வல்லம் ஒன்று காற்றுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் நின்றபோது முழு நீளமும் தெரிந்தது, அணியம் நம் பக்கம் திரும்பியதும் சுருங்கிப்போனது. "அதேதான் மாமா" என்றேன். ஹெக்டர் ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஒரு சுற்று சுற்றுகிறது. அதற்குள் இரண்டு முறை வெளிச்சம் கூடிக் குறைகிறது. சில வருடங்களில் இரண்டு மடங்குக்கு மேலேயே வித்தியாசம். நீளம் சுமார் 400 கிலோமீட்டர், அகலம் அதில் பாதி. ஒரு முனையை இங்கே வைத்தால் மறுமுனை செங்கல்பட்டுப் பக்கம் போகும். இரண்டு பாறைகள் ஒட்டிக்கொண்டதாகவும் இருக்கலாம் என்கிறார்கள்.

"அப்ப அங்கயும் காத்தடிக்குதா?" என்றார் மாமா.

ஜனவரி 18, தை அமாவாசை

நவபாஷாணத்தில் தர்ப்பணக் கூட்டம். நவக்கிரகங்களுக்கான ஒன்பது கல்லில் ஒன்று குருவுக்கு. பின்னாலும் முன்னாலும் ஓடும் ஆயிரக்கணக்கானவற்றுக்கு யாரும் எள் இறைப்பதில்லை.

ராத்திரி வானம் நல்ல இருட்டு. ஹெக்டரோ தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்குச் சில பங்கைத்தான் திருப்பி அனுப்பும். அதற்கு 12 கிலோமீட்டர் அளவில் ஒரு நிலாவும் உண்டு. 2006-இல் ஹவாயின் கெக் தொலைநோக்கியில் அகப்பட்டது. அடுத்த வருடம் நாசாவின் லூசி விண்கலம் இந்தக் கூட்டத்துக்கு வருகிறது. பார்க்கப்போகும் பட்டியலில் ஹெக்டர் இல்லை. இவ்வளவு தூரம் போய்ப் பெரியவரைப் பார்க்காமல் திரும்புவதா? பாதை வசதிப்படவில்லையாம். சரி, எனக்கு மனசு ஆறவில்லை.