இரவு ஸ்பிளின்ட் பற்றி ஒரு பதிவு

பக்கவாதத்துக்குப் பிறகு மணிக்கட்டு மடங்கி இறுகிவிடக் கூடாது என்று இரவு முழுவதும் கையில் ஸ்பிளின்ட் (மணிக்கட்டை ஒரே நிலையில் தாங்கிப் பிடிக்கும் பட்டை) கட்டிவிடுவதை, ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளான (அன்றாட வேலைகளை மீண்டும் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்களான) எங்களில் பலர் கேள்வி கேட்காமலே செய்துவந்தோம். நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். 2007இல் ஆஸ்திரேலியாவின் நடாஷா லானின் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், பக்கவாதம் வந்து அதிக நாள் ஆகாத 63 பேரைச் சமவாய்ப்பு முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்து, இரண்டு குழுக்களுக்கு நான்கு வாரங்கள் இரவில் ஸ்பிளின்ட் அணிவித்துப் பார்த்தபோது, அணியாத குழுவைவிட மணிக்கட்டு இறுக்கம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஸ்பிளின்ட் உட்பட, தசையை நீட்டிவைக்கும் சிகிச்சைகளைத் தொகுத்து ஆராய்ந்த 2017ஆம் ஆண்டின் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் சர்வதேச அமைப்பு) மதிப்பாய்வும், ஏழு மாதங்களுக்குக் குறைவாகச் செய்தால் மூட்டு அசைவில் பொருட்படுத்தத்தக்க பயன் இல்லை என்றே சொன்னது.

இதைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. தூக்கம் கெட்டும் அதைக் கழற்றாமல் வைத்திருந்தவர்களின் முகங்கள் நினைவுக்கு வந்தன.

1996இல் மருத்துவர் டேவிட் சாக்கெட்டும் உடன் எழுதியவர்களும், ஆய்வுச் சான்றை வைத்துச் சிகிச்சையை முடிவு செய்யும் சான்றுவழி மருத்துவத்தை விளக்கியபோது, ஆய்வுச் சான்றோடு சிகிச்சையாளரின் அனுபவத்தையும் நோயாளியின் விருப்பத்தையும் சேர்த்தே சொன்னார்கள். அதனால் இப்போது ஸ்பிளின்டை நானாக முன்வந்து கொடுப்பதில்லை. விரல்களில் சிறிதளவாவது அசைவு இருப்பவர்களுக்கு, அந்த நேரத்தை டம்ளர் பிடிக்கவும் பொத்தான் போடவும் திரும்பத் திரும்பப் பழக்குவதில் செலவிடுகிறேன். வலி குறைகிறது என்று சொல்லிக் கேட்பவரிடம் ஆய்வு முடிவை விளக்கிவிட்டு, முடிவை அவரிடமே விடுகிறேன்.