ரோபோ க்ளீனரில் பாஸ்கலைப் பார்க்காதீர்கள், பிரஷ்ஷைப் பாருங்கள்

ரோபோ க்ளீனர் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, வீட்டில் நீளமுடி எத்தனை பேருக்கு என்பதைத்தான். வீடு எவ்வளவு பெரிது, தரை டைல்ஸா மரமா, எவ்வளவு செலவு செய்ய முடியும், எல்லாம் அப்புறம். எனக்கும் அம்மாவுக்கும் இடுப்பைத் தொடும் முடி. எங்கள் வீட்டு இயந்திரம் நன்றாக ஓடுவதும் திணறுவதும் அந்த முடியை நாங்கள் எவ்வளவு ஒழுங்காக எடுக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

அம்மாவுக்கு மூட்டு வலி. குனிந்து பெருக்க முடியாது, பெருக்காமல் இருக்கவும் முடியாது. காலில் ஒரு மண் துகள் நெருடினால் போதும், துடைப்பத்தைத் தேடுவார். நான் வேலைக்குப் போன பிறகு கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை விட்டு எட்டி எட்டிப் பெருக்கிவிட்டு, மாலையில் முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். வேண்டாம் என்று சொல்லிப் பயனில்லை. அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் வாங்கினேன்.

வாங்கப் போனால் எல்லா விளம்பரத்திலும் பெரிய எழுத்தில் இருப்பது பாஸ்கல் கணக்கு. இத்தனை ஆயிரம் பாஸ்கல் உறிஞ்சும் திறன் என்பார்கள். பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அளவு மட்டும். எவ்வளவு காற்று உள்ளே போகிறது, பிரஷ் தரையோடு எவ்வளவு ஒட்டி ஓடுகிறது என்பதை அது சொல்லாது. வழவழப்பான தரையில் பாதி வேலையைச் செய்வது பிரஷ்தான். தடிமனான கம்பளம் விரித்த வீடாக இருந்தால் உறிஞ்சும் திறனுக்கு மதிப்புண்டு, மறுக்கவில்லை. மற்றவர்கள் இரண்டு விஷயங்களைப் பார்த்தால் போதும்: அது வழியை எப்படிக் கண்டுபிடிக்கிறது, அதன் பிரஷ்ஷைக் கழற்றி மாட்டுவது எவ்வளவு சுலபம்.

வழி கண்டுபிடிக்கும் கதை சுவாரஸ்யமானது. 2001இல் எலக்ட்ரோலக்ஸ் நிறுவனத்தின் ட்ரைலோபைட் விற்பனைக்கு வந்தது. அது மீயொலி அலையை அனுப்பி, எதிரொலியை வைத்துத் தடைகளை உணர்ந்தது. அடுத்த ஆண்டு ஐரோபோட்டின் ரூம்பா வந்தது. அதனிடம் வீட்டின் வரைபடம் எதுவும் கிடையாது. முட்டும், திரும்பும், சுவரோரமாகக் கொஞ்ச தூரம் போகும், சுழன்று சுழன்று விரியும். போதுமான நேரம் ஓடினால் ஏறக்குறைய எல்லா இடத்தையும் தொட்டுவிடும் என்பதுதான் அதன் கணக்கு. 2010இல் நீட்டோ என்ற நிறுவனம் தன் இயந்திரத்துக்கு லேசர் கண் வைத்தது. இன்று பல இயந்திரங்களின் தலையில் சின்னக் குமிழ் மாதிரி இருக்கிறதே, அந்த லைடார்தான். உள்ளே அது நிற்காமல் சுழன்று, நாலாபக்கமும் லேசரை அனுப்பி, சுவரும் கால்களும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று அளக்கிறது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்ற கணக்கையும் அதோடு சேர்த்து, வரைபடம் வரைவதையும் அதில் தான் எங்கே நிற்கிறோம் என்று கண்டுபிடிப்பதையும் ஒரே நேரத்தில் செய்கிறது. இருட்டிலும் வேலை செய்யும். நேர்கோட்டில் போய்த் திரும்பி, அடுத்த கோட்டில் வரும்.

முதலில் அம்மாவுக்கு அது பிடிபடவில்லை. "என்னடி இது, அறை நடுவுல அவ்வளவு குப்பை கிடக்கு, அதை விட்டுட்டு சுவரையே சுத்துது?" என்றார். "இரும்மா, முதல்ல எல்லை கட்டுது. அப்புறம்தான் நடுவுல வரும்" என்றேன். ஓரத்தை முடித்துவிட்டு நடுவில் வரிவரியாக ஓட ஆரம்பித்ததும், நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து முழுவதையும் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தபோது அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் மறக்க மாட்டேன்.

லேசருக்கும் ஏமாறும் இடங்கள் உண்டு. எங்கள் வீட்டில் தரை வரை இறங்கும், முகம் பார்க்கும் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. லேசர் அதில் பட்டுத் தெறித்ததால், இயந்திரத்துக்கான மொபைல் ஆப்பில் வந்த வரைபடத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் இல்லாத அறை ஒன்று முளைத்திருந்தது. கண்ணாடிக் கதவு என்றால் ஒளி ஊடுருவிப் போய்விடும். அந்த இடத்தில் ஆப்பில் ஒரு தடைக்கோடு போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. கறுப்பு நிறக் கால்மிதி இன்னொரு தொல்லை. இயந்திரத்தின் அடிப்புற விளிம்பில் இருக்கும் சென்சார்கள் அகச்சிவப்பு ஒளியைத் தரையில் அடித்துத் திரும்பி வருகிறதா என்று பார்க்கும். வந்தால் தரை, வராவிட்டால் படிக்கட்டு. அடர்ந்த கறுப்பு நிறம் அந்த ஒளியை விழுங்கிவிடுவதால், பள்ளம் என்று நினைத்துப் பின்வாங்கும். கால்மிதியின் நிறத்தை மாற்றுங்கள். சென்சாரை மறைத்து டேப் ஒட்டச் சொல்லும் காணொளிகள் உண்டு, அந்த வேலை மட்டும் வேண்டாம். படிக்கட்டு உள்ள வீட்டில் மேலிருந்து உருண்டு வரும்.

அது ஓடிக்கொண்டிருக்கும்போது தூக்க நேர்ந்தால், எடுத்த இடத்திலேயே, அதே திசையில் திரும்ப வையுங்கள். வேறு அறையில் கொண்டுபோய் வைத்தால், தான் எங்கே இருக்கிறோம் என்று புதிதாகத் தேட வேண்டியிருக்கும். சார்ஜ் ஏறும் டாக்கை, இரண்டு பக்கமும் முன்னாலும் நன்றாக இடம் விட்டு, நேரடி வெயில் படாத சுவரோரம் வையுங்கள். திரும்பி வர அது டாக்கிலிருந்து வரும் அகச்சிவப்பு ஒளியைத்தான் தேடும், வெயில் அதைக் குழப்பும்.

சரி, முடிக்கு வருவோம். வாரத்துக்கு ஒருமுறையாவது இயந்திரத்தைக் கவிழ்த்துப் போட்டு உருளை பிரஷ்ஷை வெளியே எடுக்க வேண்டும். நடுவில் சுற்றியிருக்கும் முடியைக் கத்தரிக்கோலால் நீளவாட்டில் வெட்டினால் கொத்தாக வந்துவிடும், அதைப் பார்த்தால் வேலை முடிந்தது போலத்தான் தோன்றும். முக்கியமான இடம் உருளையின் இரண்டு முனைகள். அங்கே சின்ன மூடி இருக்கும். அதைக் கழற்றினால், பம்பரத்தில் சுற்றிய கயிறு போல முடி இறுகி வளையமாக உட்கார்ந்திருக்கும். அதை விட்டுவிட்டால் உராய்வு கூடிச் சூடேறி முனை உருகவும் வாய்ப்புண்டு, மோட்டாரும் சிரமப்படும். ஊக்கால் நெம்பி எடுப்பேன். அடுத்து முன்சக்கரம். பெரும்பாலும் இழுத்தால் கையோடு வந்துவிடும். அதன் அச்சிலும் முடி சுற்றியிருக்கும், சக்கரம் சுழலாமல் தரையில் தேய்ந்துகொண்டே போனால் கோடு விழும். பக்கவாட்டில் சுழலும் மூன்று கால் பிரஷ்ஷின் அடியிலும் ஒரு சுற்று இருக்கும். ரப்பர் இதழ்கள் கொண்ட உருளையில் நார் பிரஷ்ஷைவிட முடி குறைவாகச் சிக்கும். கடையில் பார்க்கும்போது இதையெல்லாம் கையால் ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவர் தேடவேண்டியிருந்தால், நாளாக ஆக அந்த வேலையைச் செய்ய யாருக்கும் மனம் வராது.

ஃபில்டரைத் தண்ணீரில் கழுவலாமா என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், எல்லா ஃபில்டரும் கழுவக்கூடியது இல்லை. கழுவினால் ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் தூசி சேறாகி அடைத்துக்கொள்ளும், நாற்றமும் வரும். அதனால் கூடுதலாக ஒரு ஃபில்டர் வாங்கி வைத்திருக்கிறேன்.

பல இயந்திரங்களில் தரையைத் துடைக்கும் மாப்பும் சேர்ந்தே வரும், அதனிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். ஈரத் துணியை இழுத்துக்கொண்டு போகும் சாதாரண வகை, தினசரி படியும் மெல்லிய தூசியைத் துடைக்கும். காய்ந்து இறுகிய கறையைக் கைதான் தேய்க்க வேண்டும். துணியைச் சுழற்றி அழுத்தித் துடைக்கும் வகை இன்னும் நன்றாகச் செய்யும். தண்ணீர்த் தொட்டியில் நமக்குப் பிடித்த தரை கழுவும் திரவத்தை ஊற்றக் கூடாது. நுரை வந்து குழாயை அடைக்கும், சில ரசாயனங்கள் உள்ளே அரிக்கவும் செய்யும். ஓட்டம் முடிந்ததும் துணியைக் கழற்றி அலசிக் காயப்போடுங்கள், அப்படியே விட்டால் மறுநாள் வீடு முழுக்க அழுக்குத் துணி வாடை.

கேமரா வைத்த இயந்திரத்தை நான் வேண்டாம் என்று ஒதுக்கினேன். கீழே கிடக்கும் வயர், சாக்ஸ் போன்றவற்றைப் பார்த்து ஒதுங்குவதில் அது கெட்டிதான். ஆனால் 2022இல் எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ இதழ் வெளியிட்ட செய்தி மனதில் நின்றுவிட்டது. சோதனைக்காக வீடுகளில் ஓடவிட்ட ரோபோக்கள் எடுத்த படங்கள், படத்தில் என்னென்ன இருக்கிறது என்று குறித்துக் கொடுக்கும் பணியாளர்கள் வழியாகச் சமூக ஊடகத்தில் வெளியாகியிருந்தன. கழிப்பறையில் இருந்த பெண்ணின் படமும் அதில் ஒன்று. அவை கடையில் விற்கும் இயந்திரங்கள் இல்லை, சோதனை இயந்திரங்கள்தான். இருந்தாலும் பகல் முழுவதும் அம்மா தனியாக இருக்கும் வீட்டில் எனக்கு மனம் ஒப்பவில்லை. வயரையும் சாக்ஸையும் நானே எடுத்து வைக்கிறேன்.

மூலைகள் அதற்கு எட்டாது. வட்டமாக இருப்பதால்தான் நின்ற இடத்திலேயே திரும்பி, நாற்காலிக் கால்களுக்கு நடுவிலிருந்து மாட்டிக்கொள்ளாமல் வெளியே வருகிறது. அந்த வட்டத்தால்தான் மூலையில் கொஞ்சம் தூசி தங்குகிறது. விடுமுறை நாளில் நான் கையால் எடுத்துவிடுவேன். தினமும் ஓடுகிற வீட்டில் அங்கே சேர்வதும் குறைவுதான்.

பெரியவர்களுக்காக வாங்குபவர்களுக்கு இன்னொன்று. எங்கள் இயந்திரத்தின் மேலே பெரிய பொத்தான் ஒன்று இருக்கிறது. அழுத்தினால் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும். பக்கத்தில் வீட்டுப் படம் போட்ட சின்னப் பொத்தான், அது டாக்குக்குத் திருப்பி அனுப்ப. வரைபடம், தடைக்கோடு எல்லாவற்றையும் ஆப்பில் ஒருமுறை நான் அமைத்து வைத்துவிட்டேன். அம்மா ஆப்பைத் திறந்ததே இல்லை. குனியாமல், கைத்தடியின் ரப்பர் முனையால் அந்தப் பொத்தானை அழுத்துகிறார். சில மாடல்களில் பொத்தான் தொடுதிரை வகையாக இருக்கிறது, கைத்தடிக்கு அது வேலை செய்யாது. வாங்கும் முன் அதை அழுத்திப் பார்த்துவிடுங்கள்.