மூச்சுத்திணறிப் பிறக்கும் சிசுவின் மூளையில் கால்சியம்

பிறப்பின்போது மூச்சுத்திணறலுக்கு உள்ளான சிசுக்களின் இரத்தத்தில் கால்சியம் குறைந்திருப்பது அடிக்கடி காணப்படுவதே. ஆனால் அதே சிசுவின் நரம்புச் செல்களுக்குள் கால்சியம் அளவுமீறிப் பெருகியிருக்கக்கூடும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதிக் குழம்புவோர் உண்டு என்பதால், இங்கே பேசப்போவது செல்லுக்குள் நிகழ்வதைப் பற்றி மட்டுமே என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நரம்புச் செல்லுக்கு வெளியே கால்சியம் அயனிகளின் செறிவு, உள்ளிருப்பதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு அதிகம். இந்த வேறுபாட்டைக் காக்கச் செல் இடையறாது தன் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவிடுகிறது. ஆக்சிஜன் தடைபட்டு ஏடிபி தீரும்போது, அயனிகளின் சமநிலையைக் காக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்பு தளர்ந்து, சவ்வின் மின்னழுத்தம் சரிந்து, செல்களைத் தூண்டும் வேதிப்பொருளான குளுட்டமேட் மிகையாக வெளியேறுகிறது. அது திறந்துவிடும் என்எம்டிஏ ஏற்பிகள் என்னும் சவ்வு வாயில்களின் வழியே கால்சியம் உள்ளே பாய்கிறது.

இதுவரை சொன்னது முதிர்ந்த மூளைக்கும் பொருந்தும். வளரும் மூளையிலோ அந்த ஏற்பிகளை அடைத்து நிற்கும் மக்னீசியத்தின் பிடி தளர்வானது. குளுட்டமேட்டுக்கான இன்னொரு வகையான ஆம்பா ஏற்பிகளில் பலவும் கால்சியத்தை உள்ளே விடுகின்றன. பின்னாளில் செல்களை அடக்கவிருக்கும் காபா என்னும் வேதிப்பொருள், செல்லுக்குள் குளோரைடு மிகுந்துள்ள இப்பருவத்தில் அவற்றைத் தூண்டவும் செய்கிறது. நரம்பிணைப்புகள் உருவாவதற்கென அமைந்த இவ்வேற்பாடுகளே ஆக்சிஜன் குறையும் வேளையில் பகையாகின்றன என்பதுதான், என் பார்வையில், இத்துறையின் மிகக் கொடிய முரண்.

உட்புகுந்த கால்சியம், புரதங்களை வெட்டும் கால்பைனையும் சவ்வுக் கொழுப்பைச் சிதைக்கும் நொதிகளையும் முடுக்குகிறது, செல்லுக்கு ஆற்றலை உருவாக்கித் தரும் மைட்டோகாண்ட்ரியாவிலும் தேங்குகிறது. இந்தச் சேதம் மெதுவாக முற்றுவதால், ஆக்சிஜன் மீண்டு ஆற்றல் திரும்பிய சிசுவிலும் சில மணி நேரம் கழித்து ஆற்றல் இரண்டாம் முறை சரிகிறது. அந்த இடைவெளியைக் கருதியே, நிறைமாதத்தில் பிறந்த சிசுக்களுக்கு 6 மணி நேரத்துக்குள் குளிர்விப்புச் சிகிச்சையைத் தொடங்கி, உடல் வெப்பத்தை 33 முதல் 34 டிகிரி செல்சியஸில் 72 மணி நேரம் வைத்திருக்கிறார்கள்.

கால்சியத்தை அடியோடு தடுத்துவிட்டால் என்ன என்ற கேள்வி இயல்பாகவே எழும். ஆனால் வளரும் நரம்புச் செல் உயிர்வாழ்வதற்கே ஓரளவு கால்சியம் சமிக்ஞை தேவை. என்எம்டிஏ ஏற்பிகளை மருந்தால் அடைத்தபோது எலிக்குட்டிகளின் மூளையில் நரம்புச் செல்கள் பரவலாகத் தற்சிதைவுற்றதை 1999இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. குளிர்விப்பு அவ்வாறு எந்த வாயிலையும் மூடிவிடுவதில்லை. செல்லின் ஆற்றல் தேவையையும் குளுட்டமேட்டின் பெருக்கையும் அது குறைக்கிறது.