அம்மாவுக்கு எந்த போன்?

2021 மார்ச் கடைசியில் அம்மாவுக்கு போன் தேடினேன். மிஞ்சியது இரண்டு: ரெட்மி நோட் 10, சாம்சங் கேலக்ஸி எம்12. எம்12 10,999 ரூபாய், ரெட்மி ஆயிரம் கூட. முதலில் மனசு எம்12 பக்கம்தான் சாய்ந்தது. 6000 எம்ஏஎச் பேட்டரி ஆச்சே! அம்மா சார்ஜ் போட மறந்துவிடுவார், ஊரில் கரண்ட் கட் வேறு.

கடையில் இரண்டையும் அம்மா கையிலேயே கொடுத்தேன். எம்12 221 கிராம், ரெட்மி 179தான். மணிக்கட்டு வலியோடு, படுத்தபடியே வாட்ஸ்அப் பார்ப்பவருக்கு அந்த 42 கிராம் பெரிய விஷயம். பேரன் போட்டோவை இரண்டிலும் திறந்து காட்டினேன். எம்12 திரை ஹெச்டி பிளஸ் எல்சிடி, ரெட்மி திரை ஃபுல் ஹெச்டி அமோலெட்; அதாவது புள்ளிகள் அதிகம், படம் இன்னும் துல்லியம். "இதுல குட்டியோட புருவ முடிகூடத் தெரியுதுடா" என்று ரெட்மியைக் கண்ணருகே கொண்டுபோனார்.

ரெட்மி பேட்டரி 5000தான். ஆனால் பெட்டியிலேயே 33 வாட் சார்ஜர் வந்தது, எம்12க்கு 15 வாட். கரண்ட் இருக்கிற கொஞ்ச நேரத்தில் மளமளவென்று ஏற வேண்டும், எங்கள் வீட்டுக்கு அதுதான் முக்கியம். ரெட்மியின் உச்சியில் ஐஆர் (ரிமோட்டில் இருப்பது போன்ற அகச்சிவப்புக் கதிர் அனுப்பி) இருப்பதால் டிவி ரிமோட்டாகவும் ஆகும்.

ரெட்மியையே வாங்கினோம். பெட்டியோடு வந்த கவரைக்கூட, கனமாகிவிடும் என்று அம்மா போட விடவில்லை.