பச்சை மிளகும் ஒரு கடற்கரையும்

இன்று காலை தாண்டிக்குடித் தோட்டத்தில் ஏணி போட்டு மிளகு பறித்தோம். பச்சைச் சரம் ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டதும் கம்போடியாவின் கெப் கடற்கரை நினைவுக்கு வந்துவிட்டது.

முதுகுப் பையோடு சுற்றிய பயணம் அது. முதலில் வியட்நாமின் சைகோன், அப்புறம் கம்போடியாவின் தலைநகர் புனோம் பென். இரண்டு வாரமும் பைக் இரைச்சல்தான். மலையில் வளர்ந்த எனக்கு ஒரு கட்டத்தில் தூக்கமே போய்விட்டது. சரி, போதும் என்று தெற்கே வேன் ஏறினேன்.

கெப்பில் அலைகூட மெதுவாகத்தான் வரும். நண்டுச் சந்தைக்குப் பக்கத்தில் பெண்கள் தண்ணீரில் இறங்கி, மூழ்கியிருக்கும் கூடைகளை இழுத்து வந்து, கால்களை ஆட்டிக்கொண்டிருக்கும் நீலக்கால் நண்டுகளை எடுத்துப் போடுவார்கள். கூடவே சட்டியில் விழுவது, பக்கத்துக் காம்போட் பகுதியின் பெயரைத் தாங்கிய காம்போட் மிளகு. 2010-ல் அந்த நாட்டின் புவிசார் குறியீடு பெற்றது. காயவைக்காமல், உதிர்க்காமல், சரம் சரமாகவே போடுகிறார்கள். நண்டை விட அந்த மிளகைத்தான் அதிகம் தின்றேன். ஒரு நாள் தங்கப் போனவன் நாலு நாள் இருந்துவிட்டேன்.

நம் வீட்டில் பச்சை மிளகு என்றால் ஊறுகாய்தான். இன்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், மதியம் கோழிக்கறியில் நாலு சரம் முழுசாகப் போகிறது.